மாவட்டக் கோடா, ஆற்றுப் படுகையா, சூழல் மண்டலமா? தாமிரபரணிப் பக்கம் ஒரு வரைபடம்

தேரிமணல் | வெள்ளி, இரவு 9:40

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

திருச்செந்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். நானும் இரண்டு நண்பர்களும் ஓராண்டாக தாமிரபரணியைச் சுற்றியுள்ள பகுதிக்கு ஒரு சூழல் மண்டல வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறோம், அதாவது மண்ணும் தாவரமும் நில அமைப்பும் ஒத்திருக்கும் இடங்களை ஒரே மண்டலமாகக் காட்டும் படம். பஞ்சாயத்துத் தலைவர்களும், குளம் தூர்வாரும் குழுக்களும், மரம் நட வருகிறவர்களும் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எண்ணம். எங்கே என்ன மரம் வைக்கலாம், எங்கே வைக்கவே கூடாது, எந்தக் குளத்து நீரை எந்தக் குளத்தோடு ஒப்பிடலாம், இவ்வளவுதான் அது சொல்ல வேண்டும்.

ஏன் இறங்கினோம் என்றால், சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர் ஓரத் தேரியில், அதாவது சிவப்பு மணல்மேட்டு நிலத்தில், ஓர் அமைப்பு வந்து மரம் நட்டது. அவர்கள் கையிலிருந்த வரைபடத்தில் அந்த நிலம் 'தரிசு'. வேம்பும் புங்கையும் லாரியில் வந்து இறங்கின. குழி தோண்டி, குளத்து வண்டலைக் கொண்டுவந்து போட்டு, டேங்கரில் தண்ணீர் ஊற்றினார்கள். ஆடிக் காற்று தொடங்கியதும் மணல் நகர்ந்து கன்றுகளைக் கழுத்துவரை மூடிவிட்டது. ஐப்பசி மழைக்குப் போய்ப் பார்த்தபோது சிவப்பு மணலுக்கு மேலே காய்ந்த குச்சி நுனிகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. நட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல மனதோடுதான் வந்தார்கள். வரைபடத்தில் இருந்த அந்த ஒரு சொல்தான் அவர்களை அங்கே அனுப்பியது.

இப்போது சிக்கல், எதை அடிப்படை அலகாக வைப்பது? மாவட்டம் வேண்டாம் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. ஒரு நண்பர் ஆற்றுப் படுகையை, அதாவது ஆற்றுக்குத் தண்ணீர் வந்து சேரும் நிலம் முழுவதையும், அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று சரியாகச் சொல்லவும் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பொருநைக்கரை | வெள்ளி, இரவு 10:55

தம்பி, படுகைதான் சரி. முப்பது வருடம் பாசன வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. மேலே ஒரு மதகைத் திறந்தால் கீழே யாருக்கு எப்போது தண்ணீர் வரும் என்பதுதான் இங்கே நிர்வாகம். மேலே சாயக்கழிவு கலந்தால் கீழே குடிக்கிறவன் வயிறு கெடும். தண்ணீர் ஓடும் வழியை விட்டுவிட்டு வேறு எப்படிக் கோடு போட்டாலும் அது காகிதத்தில்தான் நிற்கும். தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்வதற்குள் 130 கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு சின்ன ஆற்றை ஏன் துண்டு போட வேண்டும்?

நிலவரைஞர் | சனி, காலை 7:20

பொருநைக்கரை ஐயா சொல்வது தண்ணீர்ப் பங்கீட்டுக்கு முற்றிலும் சரி. ஆனால் தேரிமணலின் கேள்வி வேறு. எந்த இடத்தை எந்த இடத்தோடு ஒப்பிடலாம் என்று கேட்கிறார். அதற்குப் படுகை பதில் சொல்லாது.

ஐயா சொன்ன அதே 130 கிலோமீட்டரைப் பாருங்கள். மேலே பசுமைமாறாக் காடு, களக்காடு முண்டந்துறை. இறங்கினால் அம்பாசமுத்திரம் பக்கம் நெல் வயல். வல்லநாட்டில் முள்ளும் புதருமாக ஒரு மலை, அதில் வெளிமான். கடைசியில் உப்பளம், அலையாத்தி. இவை எல்லாம் ஒரே படுகைதான். ஆனால் மலையிலுள்ள காரையாறு ஓடையில் இருக்கிற பூச்சியும் மீனும் கடலோரத்தை நெருங்கிய ஏரலில் இல்லையே என்று யாராவது வருத்தப்பட்டால் அது நியாயமா? மறுபக்கம், வல்லநாட்டு முள்காடு மாதிரியான நிலம் படுகையைத் தாண்டி வடக்கே எவ்வளவோ தூரம் கிடக்கிறது. அதைப் படுகைக் கோட்டில் வெட்டினால் ஒரே உடம்பை இரண்டு துணியில் சுற்றியது மாதிரி.

இந்தச் சண்டை புதிதில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஓமர்னிக் என்ற புவியியலாளர், ஓரிகன் மாநிலம் கார்வாலிஸில் இருக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர், இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டினார். ஆறுகளின் தரத்தைக் கண்காணிக்க வேண்டும், ஆனால் நாடு முழுக்க ஒரே அளவுகோல் வைத்தால் சரிவராது. 1987-இல் அவர் வெளியிட்ட வரைபடம் அந்த நாட்டின் 48 மாநிலப் பரப்பை 76 சூழல் மண்டலங்களாகப் பிரித்தது. நில உருவம், மண், இயல்பாக வளரக்கூடிய தாவரம், நிலப் பயன்பாடு, இந்த நான்கு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டு எல்லாக் கோடுகளையும் வெட்டவில்லை. நான்கும் சேர்ந்து எங்கே மாறுகின்றன, ஓர் இடத்தில் எது முக்கியமாகிறது என்று பார்த்துக் கோடு போட்டார். ஓரிடத்தில் மண் தீர்மானிக்கும், இன்னோர் இடத்தில் மலை தீர்மானிக்கும்.

அவருக்கு முன்பே 1976-இல் வனத்துறையின் ராபர்ட் பெய்லி ஒரு வரைபடம் போட்டிருந்தார். அது தட்பவெப்பத்தை முதலில் வைத்து மேலிருந்து கீழாகப் பிரிப்பது. இரண்டு பேருக்கும் முறையில் ஒத்துவராது. ஆனாலும் 1997-இல் இருவரும் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள், நீர்ப்பிடிப்புக்கும் சூழல் மண்டலத்துக்கும் என்ன வேறுபாடு என்று. சாரம் இதுதான்: ஓரிடத்துத் தண்ணீருக்கு எந்த நிலம் பொறுப்பு என்பதை நீர்ப்பிடிப்பு சொல்லும். அந்தத் தண்ணீர் எப்படி இருந்தால் இயல்பு என்பதைச் சூழல் மண்டலம் சொல்லும். இரண்டும் வேண்டும், ஒன்றை மற்றொன்றாகப் பயன்படுத்தாதே.

பொருநைக்கரை | சனி, காலை 8:05

"எப்படி இருந்தால் இயல்பு" என்பது எனக்குப் புதிதாக இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதை நடைமுறையில் எங்காவது பயன்படுத்தியிருக்கிறார்களா, இல்லை கட்டுரையோடு நின்றுவிட்டதா?

வடக்கேரி | சனி, இரவு 8:30

பயன்படுத்தியிருக்கிறார்கள் ஐயா. நான் பதினோரு வருடமாக மினசோட்டாவில் இருக்கிறேன். இங்கே ஏரிகளுக்கான சட்டமே இந்த மண்டலங்களை வைத்துத்தான்.

ஏரியில் பாஸ்பரஸ் கூடினால் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். அதனால் கோடைக்காலத்தில் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு. மாநிலம் முழுவதற்கும் ஒரே எண் வைத்திருக்கலாம், சுலபம். இவர்கள் வைக்கவில்லை. 2008-இல் வந்த விதிப்படி வடக்குக் காட்டு மண்டலத்தில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். நடுவிலுள்ள இலையுதிர்காட்டு மண்டலத்தில் ஆழமான ஏரிக்கு 40, ஆழமில்லாததற்கு 60. தெற்கே மக்காச்சோளச் சமவெளியில் ஆழமானதற்கு 65, ஆழமில்லாததற்கு 90. ஒரே மாநிலத்துக்குள் மூன்று மடங்கு வித்தியாசம்.

தெற்கே இருப்பவர்களுக்குச் சலுகை கொடுத்துவிட்டார்கள் என்று முதலில் எனக்கும் தோன்றியது. போய்ப் பார்த்தால் புரியும். வடக்கே பனியாறு சுரண்டிவிட்டுப் போன பாறை, அதன்மேல் மெல்லிய மண், சுற்றிலும் காடு. அங்கே ஏரிக்குள் வந்து சேர எதுவுமே இல்லை. தெற்கே ஆள் உயரத்துக்குக் கறுப்பு மண். உழவுக்கு முன்பே அந்த ஏரிகள் சத்து மிகுந்தவைதான். ஒரே வரம்பை 30 என்று வைத்தால் தெற்கே ஓர் ஏரிகூடத் தேறாது, எல்லாமே 'கெட்ட ஏரி' ஆகிவிடும், கடைசியில் யாரும் எதையும் சரிசெய்ய மாட்டார்கள். 90 என்று வைத்தால் வடக்கேயுள்ள தெளிந்த ஏரி மூன்று மடங்கு கெட்ட பிறகும் சட்டப்படி 'நல்ல ஏரி'தான். எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய ஆபத்தாகப் படுகிறது. நல்லது கெட்டுக்கொண்டே போவதை எந்த எண்ணும் காட்டிக்கொடுக்காது.

இங்கே 1973 முதல் பொதுமக்களே ஏரியை அளக்கிறார்கள். நானும் ஓர் ஏரிக்குப் போகிறேன். படகில் நடுவே போய், 20 சென்டிமீட்டர் அகல வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்வது, அவ்வளவுதான். ஜூன் மாதம் மூன்று மீட்டர் வரை தெரிந்த தட்டு ஆகஸ்டில் ஒன்றரை மீட்டரில் மறையும். அந்த எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. இதே மண்டலத்தில் அதிகம் கைபடாத ஏரிகள் சிலவற்றை ஒப்பீட்டு ஏரிகளாக வைத்திருக்கிறார்கள், அவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் பேசத் தொடங்கும்.

ஒஹையோவிலும் இதே வழிதான். 1990-இல் ஆற்று மீன்களையும் பூச்சிகளையும் வைத்துத் தர அளவுகோல் கொண்டுவந்தபோது, மாநிலத்தின் ஐந்து சூழல் மண்டலங்களுக்கும் ஏற்ப வரம்புகளை வகுத்தார்கள்.

தேரிமணல், உங்கள் குளங்களில் கைபடாத குளம் என்று ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? முதலில் அதைத் தேடுங்கள்.

தேரிமணல் | சனி, இரவு 9:15

அண்ணா, கைபடாத குளம் இங்கே கிடையாது. எல்லாமே மனிதர் வெட்டியதுதான், ஆயிரம் வருடமாகக் கைபட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனால் ஊர்ச் சாக்கடை இன்னும் வராத குளங்கள் ஒன்றிரண்டு உண்டு. அவற்றை ஒப்பீட்டுக்கு வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

கரிசல்துண்டு | ஞாயிறு, காலை 6:50

எதற்கு அமெரிக்கா வரை போகிறீர்கள்? குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று இரண்டாயிரம் வருடம் முன்பே பிரித்துவைத்துவிட்டான் தமிழன். பொதிகை குறிஞ்சி, வல்லநாடு முல்லை, ஸ்ரீவைகுண்டம் மருதம், புன்னைக்காயல் நெய்தல், தேரி பாலை. வேலை முடிந்தது.

நிலவரைஞர் | ஞாயிறு, காலை 9:10

நிலம், அதில் வளர்வது, அதில் வாழ்பவர் தொழில் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் சேர்த்துப் பார்ப்பது திணை. அந்தப் பார்வை ஓமர்னிக் செய்ததற்கு மிக அருகில் இருக்கிறது, உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் திணைக்கு எல்லைக்கோடு கிடையாது. ஒரு திணையின் பூவும் புள்ளும் இன்னொன்றில் வந்தால் அதைத் திணைமயக்கம் என்று ஏற்றுக்கொண்டார்கள். நமக்கோ சர்வே எண் வரை சொல்ல வேண்டியிருக்கிறது. அப்புறம் இன்னொன்று: தேரியைப் பாலை என்று எழுதிவிட்டால் மறுபடியும் 'ஒன்றுமில்லாத நிலம்' என்ற அர்த்தம்தான் ஒட்டிக்கொள்ளும். தேரிக்கு நடுவே சுனை இருக்கிறது.

கரிசல்துண்டு | ஞாயிறு, காலை 9:32

சுனையா? தேரியிலா?

தேரிமணல் | ஞாயிறு, பகல் 12:05

ஆமாம் அண்ணா. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கு வந்து பாருங்கள். சுற்றிலும் சிவப்பு மணல். கோயிலை நெருங்கினால் நிழலும் ஈரமுமாக வேறு ஊருக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். சுனையில் தண்ணீர் நிற்கும். தேரியில் விழும் மழை மேலே ஓடாமல் மணலுக்குள் இறங்கி, இப்படித் தாழ்ந்த இடத்தில் வந்து நிற்கிறது. எங்கள் பக்கம் வருடத்துக்கு ஏறக்குறைய 650 மில்லிமீட்டர்தான் மழை, அதுவும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில். அதை வாங்கி வைத்துக்கொண்டு மெல்லக் கொடுப்பது இந்த மணல்தான். தாளில் 'தரிசு' என்று இருப்பதும் இதுதான்.

இதை எழுதும்போதுதான் படுகைக் கோடு எனக்கு ஏன் ஒப்பவில்லை என்பதும் பிடிபட்டது. செயற்கைக்கோள் உயரத் தரவை வைத்து கணினியில் நீர்ப்பிடிப்புக் கோடு எடுத்தோம். மலையிலும் வயலிலும் அழகாக வந்தது. தேரிக்குள் வந்ததும் கோடு குடிகாரன் நடை மாதிரி மணல்மேடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. ஒரு பாதி தாமிரபரணிக்கு, மறுபாதி பக்கத்துக் கருமேனியாற்றுக்கு என்று பிரிக்கிறது. ஆனால் அங்கே மேலே ஓடும் தண்ணீரே கிடையாதே! ஓடாத தண்ணீருக்குக் கணினி கோடு போட்டுக்கொடுக்கிறது.

பொருநைக்கரை | ஞாயிறு, பகல் 12:40

இது சரியான பிடி தம்பி. மணல்மேட்டில் மேற்பரப்பு நீர்ப்பிடிப்புக் கோட்டுக்கு அர்த்தம் இல்லை. தேரியைப் பொறுத்தவரை என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆற்றின் கால்வாய்ப் பாசனம் உள்ள இடங்களில் படுகைக் கோட்டையும் ஒரு லேயராக வைத்திருங்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

கணிமேகம் | ஞாயிறு, மாலை 5:20

நான் தொலையுணர்வில் ஆய்வு மாணவி. ஒரு மாற்றுக் கருத்து. ஒருவர் நான்கு வரைபடத்தைப் பார்த்துக் கையால் கோடு போடுவது எப்படி அறிவியல் ஆகும்? நாளை வேறொருவர் போட்டால் வேறு கோடு வரும். மழை, வெப்பம், உயரம், மண், தாவரப் பசுமை எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகக் கொடுத்தால் ஒத்த கட்டங்களைக் கணினியே குழுவாகச் சேர்த்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஹார்கிரோவும் ஹாஃப்மனும் இதைத்தான் செய்தார்கள். கழித்துப்போட்ட பழைய கணினிகளைக் கோத்து ஒரு பெரிய கணினி ஆக்கி, அதில் அமெரிக்கா முழுவதையும் ஓட்டினார்கள். யார் எப்போது ஓட்டினாலும் அதே தரவுக்கு அதே முடிவு.

நிலவரைஞர் | ஞாயிறு, இரவு 8:45

அந்த வேலையின் மீது எனக்கு மதிப்பு உண்டு. கையால் போடும் கோட்டைச் சோதிக்க அது நல்ல கருவி. ஆனால் எத்தனை குழு, எந்தத் தரவு, எதற்கு எவ்வளவு எடை என்பதை ஓட்டுகிறவர்தானே தீர்மானிக்கிறார்? தீர்ப்பு அங்கேயும் இருக்கிறது, முன்கூட்டியே நடந்து முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நம் ஊர்த் தரவைப் பாருங்கள். வானிலைத் துறையின் கட்ட மழைத்தரவு 0.25 பாகை. அதாவது ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 27 கிலோமீட்டர். மாஞ்சோலை மலையும் அதன் அடிவாரமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும் அளவு. மேலே அட்டை கடிக்கும் மழைக்காடு, கீழே வெயிலில் வெடித்த புஞ்சை, இரண்டுக்கும் சேர்த்து ஒரே மழை எண். அந்த எண்ணை வைத்துக் கணினி என்ன செய்யும் பாவம்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? தோவாளை வரை நெல், வாழை, பூந்தோட்டம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் முப்பந்தல் காற்றாலைகள், உடைமரம், வெறும் செம்மண். தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம் இறங்கிவிட்டு இந்தப் பக்கம் வெறும் காற்றாக வருகிறது. அங்கே கோட்டை யார் போட்டாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் போடுவார்கள். மாவட்ட எல்லையும் அதை ஒட்டியே போகிறது என்பது ஆச்சரியம். ஆனால் பாளையங்கோட்டைக்கும் வல்லநாட்டுக்கும் நடுவே போட வேண்டிய கோடு அப்படிப்பட்டதல்ல, பல கிலோமீட்டருக்கு மெல்ல மெல்ல மாறுகிறது. அங்கே பட்டையாகத்தான் காட்ட வேண்டும்.

கோட்டின் தடிமனைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓமர்னிக் முதல் வரைபடத்தின் அளவு 75 லட்சத்துக்கு ஒன்று. அரை மில்லிமீட்டர் பேனாக் கோடு போட்டால் தரையில் அது கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் அகலம். பிறகு அதை 2,50,000-க்கு ஒன்று என்ற அளவில் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்கள், இப்போது அங்கே நான்காம் மட்டத்தில் 967 மண்டலம் இருக்கிறது. அதிலும் அரை மில்லிமீட்டர் கோடு 125 மீட்டர். சர்வே எண் 112 உள்ளே, 113 வெளியே என்று அந்தக் கோட்டை வைத்துச் சண்டை போட முடியாது.

கணிமேகம் | ஞாயிறு, இரவு 9:30

27 கிலோமீட்டர் கட்டம் பற்றிச் சொன்னது சரி ஐயா, மலையோரத்தில் அது பெரிய பிழை. மண்ணுக்கும் தாவரத்துக்கும் 10 மீட்டர் படங்களே கிடைக்கின்றன, மழைக்குத்தான் இந்த நிலை. தேரிமணல் அண்ணா, உங்கள் லேயர்களைக் கொடுத்தால் நான் ஒரு குழுப் பிரிப்பு ஓட்டித் தருகிறேன். உங்கள் கோட்டோடு எங்கே முரண்படுகிறதோ அந்த இடங்களுக்கு மட்டும் நேரில் போய்ப் பாருங்கள். எல்லா இடமும் நடக்க வேண்டியதில்லை.

தேரிமணல் | ஞாயிறு, இரவு 9:41

நாளைக்கே அனுப்புகிறேன் தங்கச்சி. மிக்க நன்றி.

சுண்ணக்கல் | திங்கள், காலை 7:15

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட நாட்டில் இந்த வேலை வெகுகாலமாக நடந்துவருகிறது. ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் ஈர வலயம், 1,750-க்குக் கீழ் உலர் வலயம், நடுவில் இடை வலயம். அதோடு 300 மீட்டர், 900 மீட்டர் என்று உயரம். பிறகு மண்ணும் நில அமைப்பும். முதலில் 24 விவசாயச் சூழல் பிரதேசங்கள் இருந்தன, 2003-இல் திருத்தி 46 ஆக்கினார்கள். எந்தப் பயிர் எங்கே என்று சொல்ல அது நன்றாகவே உதவுகிறது.

ஆனால் குடாநாட்டுக்கு வந்தால் அது பாதிக் கதைதான். இங்கே வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரிக்கு மட்டும்தான். நாங்கள் குடிப்பதும் தோட்டக்காணிக்கு இறைப்பதும் சுண்ணக்கல்லுக்குள் நிற்கிற கிணற்றுத் தண்ணீர். அந்த நன்னீர் உப்புநீருக்கு மேலே மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. கூட இறைத்தால் உப்பு மேலே வரும். வலிகாமத்தில் போடுகிற உரம் செம்மண்ணுக்குள்ளால் இறங்கிக் கல்லுப் பிளவு வழியே நேரே கிணற்றுக்குப் போய்விடுகிறது, நைத்திரேற்றுப் பிரச்சினை அதனால்தான் இவ்வளவு. மழையையும் உயரத்தையும் வைத்துப் போட்ட கோட்டில் இது தெரியாது. எங்களுக்கு நிலத்துக்குக் கீழே இருப்பதுதான் மண்டலத்தைத் தீர்மானிக்கிறது.

தம்பி தேரிமணல், உங்கட தேரியும் அப்படித்தான் போல இருக்கு. கிணறுகளைக் கேளுங்கோ.

சர்வேகல் | திங்கள், இரவு 10:10

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றை யாரும் பேசவில்லை. இந்த வரைபடத்தைக் கொண்டுபோய் யாரிடம் கொடுப்பீர்கள்? பணம் ஒதுக்குவது மாவட்டம். திட்டம் போவது ஒன்றியம். பதிவேடு இருப்பது கிராம நிர்வாக அலுவலரிடம். அவருக்கு நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு, இவைதான் தெரியும். சூழல் மண்டலம் என்று சொன்னால் அடங்கல் பதிவேட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று கேட்பார்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-இல் அறிக்கை கொடுத்தது. மலை முழுவதையும் ஏறக்குறைய 9 கிலோமீட்டருக்கு 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து எளிதில் பாதிக்கப்படும் சூழல் என்று மூன்று நிலைகளில் சூழல் கூருணர்வு மண்டலம் வகுத்தார்கள். எதிர்ப்பு வந்தது. பிறகு கஸ்தூரிரங்கன் குழு 2013-இல் செயற்கைக்கோள் படத்தை வைத்து கிராமத்தை அலகாக எடுத்தது. ஒரு கிராமத்தில் 20 சதவீதத்துக்கு மேல் கூருணர்வுப் பகுதி இருந்தால் கிராமம் முழுக்க உள்ளே. மொத்தப் பரப்பில் 37 சதவீதம், கிட்டத்தட்ட 60,000 சதுர கிலோமீட்டர் என்றார்கள். அதற்கும் கேரளாவில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். கட்டத்தில் போட்டால் ஊர்க்காரருக்குத் தன் வீடு எங்கே என்று தெரியவில்லை. கிராமத்தில் போட்டால் வயலும் வீடும் காட்டோடு சேர்ந்து போகிறது. இரண்டு குழுவிலும் அறிவுக்குப் பஞ்சமில்லை. கோடு போட்ட பிறகுதான் ஊரிடம் போனார்கள் என்பதுதான் என் வருத்தம். காட்கில் குழு கிராமசபை வரை கொண்டுபோய்ப் பேச வேண்டும் என்றுதான் எழுதியது, நடக்கவில்லை.

நிலவரைஞர் | செவ்வாய், காலை 6:30

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கோட்டை இயற்கைப்படி போடுங்கள், பட்டியலைக் கிராமப்படி கொடுங்கள் என்பேன். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் எதிரே, இதில் எந்தெந்த மண்டலம், ஒவ்வொன்றும் எவ்வளவு பங்கு என்று. முழுக் கிராமத்தையும் ஒரே நிறத்தில் அடைக்காமல் இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

புல்வெளி | செவ்வாய், பகல் 1:15

'தரிசு' என்ற சொல்லைப் பற்றி நான் பேசியாக வேண்டும். கொடைக்கானல்காரி நான்.

எங்கள் மலையில் சோலையும் புல்வெளியும் சேர்ந்ததுதான் இயற்கை. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து புல்வெளியைப் பார்த்தவர்கள் மரம் இல்லாத வெற்றிடம் என்றே நினைத்தார்கள். சீகை, யூகலிப்டஸ், பைன் எல்லாம் அங்கே வந்தது அப்படித்தான். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் ஒரு ஆய்வு வந்தது. சோலையும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போயிருக்கிறது, ஆனால் அதிகம் அழிந்தது புல்தான். வரைபடத்தில் காட்டுப் பரப்பு கூடியதாகத்தான் காட்டும், மரம் கூடியிருக்கிறதே. எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த ஓடை பங்குனியில் வற்றத் தொடங்கியதை நான் சிறுமியாக இருந்தபோதே பார்த்தேன்.

சென்னையில் பள்ளிக்கரணையும் அப்படித்தான். கழுவெளி என்று ஒரு நல்ல பெயர் இருந்தும் 'பயனற்ற சதுப்பு' என்று குப்பை கொட்டினார்கள், கட்டடம் கட்டினார்கள். 2022-இல் ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கும்போது மிஞ்சியது பழைய பரப்பில் ஒரு துண்டு.

நாடு முழுவதற்கும் தரிசு நில வரைபடத் தொகுப்பு என்றே ஒன்று 2000-இலிருந்து வெளிவருகிறது. முள்காடும் மணலும் சதுப்பும் அதில்தான் வருகின்றன. வல்லநாட்டு வெளிமானுக்கு வேண்டியதும் அதே முள்ளும் புல்லும்தான். தேரிமணல், கோடு எங்கே போட்டாலும் போடுங்கள். உங்கள் குறிவிளக்கத்தில் 'தரிசு' என்ற சொல் மட்டும் வரவே கூடாது. ஊர்க்காரர் என்ன பெயர் சொல்கிறார்களோ அதை எழுதுங்கள்.

கிடைபோடுகிறவன் | செவ்வாய், இரவு 11:05

நான் படித்தது பத்தாவதுதான். எங்க அப்பா கீதாரி, ஆட்டுக்கிடை நடத்துகிறவர். ராமநாதபுரத்திலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு வருவோம், அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுவோம். எங்கே எந்த மாதம் புல் இருக்கும், எந்த மண்ணில் ஆட்டுக்குக் குளம்பு அழுகும், எந்த ஓடையில் தைக்குப் பிறகும் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். கரிசலில் மழை நேரத்தில் கிடை போட மாட்டார். செவலுக்கு மாறிவிடுவார். நீங்கள் போடுகிற கோடு எங்கள் நடைவழியில் பல இடத்தில் சரியாக வரும் என்று நினைக்கிறேன். வேண்டுமென்றால் அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டுக் குறித்துத் தருகிறேன்.

தேரிமணல் | செவ்வாய், இரவு 11:20

அண்ணா, வேண்டும். கட்டாயம் வேண்டும். அப்பா எங்கே இருக்கிறார் என்று தனிமடலில் சொல்லுங்கள், நானே வருகிறேன்.

தேரிமணல் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8:00

எல்லோருக்கும் ஒரு தகவல்.

கணிமேகம் ஓட்டிக் கொடுத்த பிரிப்பும் நாங்கள் போட்ட கோடும் பதினான்கு இடத்தில் முரண்பட்டன. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொன்றைப் போய்ப் பார்த்துவிட்டோம். நான்கில் கணினி சரி. ஆறில் எங்கள் கோடு சரி, ஒன்றில் இரண்டுமே தப்பு.

அந்த ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தேரியின் மேற்கு ஓரம். நாங்கள் மண்ணின் நிறத்தை வைத்துக் கோடு போட்டிருந்தோம். கணினி தாவரப் பசுமையை வைத்து இன்னும் கிழக்கே போட்டிருந்தது. இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு வாழைத் தோட்டம். அங்கே ஒரு பெரியவர் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தார். இங்கே தேரி எது வரைக்கும் தாத்தா என்று கேட்டேன். சிவப்பாக இருப்பதெல்லாம் தேரி இல்லை என்றார். "கிணறு வெட்டுனா கரை நிக்கணும்லா? நின்னா அது செவக்காடு. நிக்காம சரிஞ்சா உறை இறக்கணும். உறை இறக்குன கிணறு எது வரைக்கும் இருக்கோ, அது வரைக்கும் தேரி."

சுண்ணக்கல் அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்கே வேலையை மாற்றினோம். ஓரத்து ஊர்களில் கிணறு கிணறாகப் போய், உறைக்கிணறா கல்கட்டா என்று பார்த்து ஜிபிஎஸ்ஸில் புள்ளி வைத்தோம். நாற்பத்தாறு கிணறு. புள்ளிகளைப் படத்தில் போட்டதும், எங்கள் கோட்டுக்கு மேற்கே சில இடங்களில் முக்கால் கிலோமீட்டர் வரை தேரி நீண்டிருப்பது தெரிந்தது. மேலே வண்டல் அடித்து வயலாக்கியதால் நிறம் மாறிவிட்டிருக்கிறது, அடியில் மணல்தான். அங்கே போடுகிற உரமும் மருந்தும் நேரே சுனைப் பக்கம் இறங்கும் நிலம் அது.

கோட்டைக் கிணறுகளின்படி திருத்திவிட்டோம். வல்லநாட்டுப் பக்கம் பட்டையாகக் காட்டியிருக்கிறோம். பொருநைக்கரை ஐயா கேட்டபடி கால்வாய்ப் பாசன லேயர் தனியாக இருக்கிறது. கிராமவாரிப் பட்டியல் பாதி முடிந்தது, சர்வேகல் அண்ணன் ஒருமுறை பார்த்துக் கொடுக்க வேண்டும். குறிவிளக்கத்தில் தேரி, செவக்காடு, கரிசல், வயக்காடு, உடங்காடு, உப்பளம், கழிமுகம், மலையடி, மலை என்று ஒன்பது பெயர். கீதாரி ஐயா வழியில் நான்கு இடம் குறித்துக் கொடுத்தார், அதில் நாங்குநேரிப் பக்கம் ஒன்று எங்கள் படத்திலேயே இல்லை. அடுத்த ஞாயிறு அங்கேதான் போகிறோம். அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் காலை ஆறரைக்கு நாங்குநேரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள், இரண்டு பைக்கில் இடம் இருக்கிறது.